சுவரின் சூடு

கதவு திறந்ததும் அருந்தவனுக்கு முதலில் வந்தது வாழைப்பழ மணம். அளவுக்கு மீறிப் பழுத்து, தோல் கறுத்து, பைக்குள் மறந்துபோய்க் கிடந்த பழத்தின் மணம். அவன் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தபடியே ஹோலைச் சுற்றிப் பார்த்தான். சாப்பாட்டு மேசையில் தண்ணீர்ப் போத்தலும் மருந்துப் பெட்டியும் மட்டும் இருந்தன. சுவாமிப் படத்துக்கு முன்னால் பூ இருந்தது, பழம் இல்லை. குசினி மேடையும் துடைத்து வெறுமையாகக் கிடந்தது.

அவன் கண் போன இடத்தைச் சந்திரிகா அன்ரி கவனித்திருக்க வேண்டும். கணவரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் படைத்த பழமெல்லாம் வந்த சனத்திடமே கொடுத்து அனுப்பிவிட்டதாகச் சொன்னார்.

"எண்டாலும் பின்னேரமானா இந்த மணம் வருது தம்பி. எனக்குத்தான் மூளை பிசகிப் போச்சோ எண்டு நினைச்சன். உமக்கும் மணக்குதோ?"

இல்லை என்று தலையாட்டினான்.

அது பழத்தின் மணமல்ல என்று அவனுக்குத் தெரியும். கொட்டப் போகிற தேனீ மற்றத் தேனீக்களை உசுப்ப விடுகிற மணம் அது. கூட்டை உடைத்த இடத்தில், வெட்டவெளியில், ஆயிரக்கணக்கில் முகவலையில் வந்து மோதும்போது மூக்கில் ஏறும். யாரும் தொடாத சுவருக்குள்ளிருந்து, மூடிய வீட்டுக்குள் அது வந்து நின்றதை அவன் இதற்குமுன் கண்டதில்லை.

டூங்கபிப் புறநகரின் இந்த ஒழுங்கையில் எல்லாம் ஒரே மாதிரியான செங்கல் வீடுகள். வெளியே ஒரு வரிசைச் செங்கல், உள்ளே ஜிப்ரொக் எனும் மெல்லிய சுண்ணப் பலகை, இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் இருட்டு. ஈரம் போக செங்கலில் விட்டிருக்கும் சின்ன ஓட்டைகள்தான் அந்த இருட்டுக்கு வாசல். அன்ரியின் கணவர் விக்னராஜா அங்கிள் அந்த ஓட்டைகளில் ஒன்றுக்குள் தேனீக்கள் போய் வருவதைப் பார்த்துவிட்டு, மூன்று தெரு தள்ளியிருந்த, தேனீக் கூடு எடுக்கிற அருந்தவனுக்குப் போன் எடுத்தது கோடை தொடங்கிய நேரம். ரயில்வேயில் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். புல்லைத் தன் கையால் வெட்டாவிட்டால் அவருக்குச் சனிக்கிழமை விடியாது.

அன்றைக்கு அருந்தவன் வந்தான். ஓட்டைக்குக் கிட்டப் போகவில்லை. கார் நிறுத்துகிற இடத்திலேயே நின்று பார்த்தான். வாசலில் காவல் நின்ற தேனீக்கள் வரிசையாக நின்றபடியே அவன் பக்கம் திரும்பின. ஒன்று எழுந்து வந்து அவன் நெற்றியில் மோதிவிட்டுப் போனது. கொட்டவில்லை, மோதியது மட்டும்தான். அந்த மோதலை அவனுக்குத் தெரியும். அவை எங்கிருந்து வந்தவை என்பதும் தெரியும். அவற்றை எடுக்கச் சுவரை உடைத்தால் உள்ளே எதைக் காண வேண்டிவரும் என்பதும் தெரியும்.

"பயப்பட ஒண்டுமில்லை அங்கிள். சாதுவான சாமான். குளிர் வரட்டும், எடுத்துத் தாறன்" என்றான்.

அடுத்து வந்த சனிக்கிழமைகளில் ஒன்றில் விக்னராஜா அங்கிள் புல்லு வெட்டும் மெஷினை அந்தச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போனார். மெஷின் சத்தத்துக்கு அவை வெளியே வந்தன. அவர் வீட்டுக்குள் ஓடாமல் தெருவுக்கு ஓடினார், மனைவி உள்ளே இருக்கிறாள் என்பதற்காக இருக்கலாம். தெருமுனைவரை விடாமல் துரத்தின. ஆஸ்பத்திரியில் இறந்தவரின் முகத்தைத் திறந்து காட்டவில்லை.

அதன்பிறகு கவுன்சில் ஆட்கள் வந்து, இந்தப் பக்கத்தில் தேனீ எடுக்கிறவன் என்பதால், கூடு எங்கே இருக்கும் என்று அருந்தவனிடம்தான் கேட்டார்கள். அவன் ஆற்றோரம் நின்ற ஒரு பொந்து யூக்கலிப்டஸ் மரத்தைக் காட்டினான். அதற்குள்ளும் தேனீ இருந்தது. மருந்தடித்தார்கள், மரத்தைத் தறித்தார்கள், விஷயம் முடிந்தது. சுவரைப் பற்றித் தெரிந்த இருவரில் ஒருவர் இறந்துவிட்டார், மற்றவன் தான் மட்டும் என்று நினைத்திருந்தான். அந்தியேட்டி முடிந்த இரவு அன்ரி போன் எடுத்து, படுக்கையறைச் சுவருக்குள் சத்தம் கேட்கிறது என்று சொல்லும்வரை.

இப்போது அன்ரி அவனுக்கு முன்னால் அந்த அறைக்கு நடந்துபோனார். வெளியே வெளிச்சம் இன்னும் இருந்தது. பூத் தேடிப் போன தேனீயெல்லாம் வீடு திரும்புகிற நேரமாகப் பார்த்துத்தான் அவன் வந்திருந்தான். அறையில் திரை இழுத்து மூடியிருந்தது. இரட்டைக் கட்டிலில் ஒரு பக்கத் தலையணை மட்டும் அமுங்கியிருந்தது, சுவரை ஒட்டிய பக்கம்.

"இது அவர் படுக்கிற பக்கம்" என்றார் அன்ரி. "இப்ப நான் இஞ்சதான் படுக்கிறன். கையை வைச்சுப் பாரும்."

அவன் வைத்தான்.

சுவர் சூடாக இருந்தது. வெயில் பட்ட சூடு இல்லை, அந்தப் பக்கம் வெயில் படாது. போர்வைக்குள் தூங்குகிற மனிதனின் முதுகில் கை வைத்தால் வருமே, அந்தச் சூடு. உள்ளங்கைக்குக் கீழே மெல்லிய அதிர்வு ஒன்று கூடி, தணிந்து, மறுபடி கூடியது. மூச்சு விடுவதைப் போல. தேனீக்கள் குஞ்சு வளர்க்கும் அடையை மனித உடம்பின் சூட்டில்தான் வைத்திருக்கும் என்று அவன் எத்தனையோ வீட்டுக்காரருக்கு விளக்கியிருக்கிறான். இங்கே வாய் வரவில்லை.

"முதுகைக் குடுத்துக்கொண்டு படுத்தா நித்திரை வருது" என்றார் அன்ரி. "அவர் போன பிறகு இதில மட்டுந்தான் நித்திரை வருது. எடுக்கச் சொல்லவும் மனமில்லை. மகள் மெல்பனிலயிருந்து ஏசினாள், அதுதான் கூப்பிட்டன்."

அவரைக் குசினிக்குள் போய், கதவைச் சாத்தி, கீழ் இடைவெளியில் துவாயை அடைத்துக்கொண்டு இருக்கச் சொன்னான். தான் கூப்பிடும்வரை என்ன கேட்டாலும் திறக்க வேண்டாம் என்றான். அவர் சரியென்று போனவர், கதவடியில் நின்று திரும்பிப் பார்த்தார். அவனையல்ல, சுவரை.

அருந்தவன் வெள்ளை உடுப்பை மாட்டி, முகவலையின் சிப்பை இழுத்துப் பூட்டி, தகரப் பேணிக்குள் காய்ந்த பைன் இலையைப் பற்றவைத்துப் புகை எழுப்பினான்.

இதை முடித்ததும் அறிவிப்பது என்று முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தான். வெளிநாட்டுத் தேனீயைக் கண்டால் அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டிய இலக்கம் போனில் இருந்தது. வரும் வழியில் வான் வண்டியை நிறுத்தி இரண்டு தரம் அதை அழுத்தப் பார்த்தான். முதலில் அன்ரியின் வீட்டைச் சுத்தமாக்கிவிட்டு, பிறகு. எப்போதும் அப்படித்தான். முதலில் ஒன்று, பிறகு மற்றது.

அவனிடம் முன்பு சென்ட்ரல் கோஸ்ட் பக்கத்துத் தோட்டமொன்றில் நல்ல தேனீப் பெட்டிகள் இருந்தன. தேனீயின் இரத்தம் குடிக்கும் உண்ணி நாட்டுக்குள் வந்த வருடம் அவை எல்லாம் அரசாங்க உத்தரவில் அழிக்கப்பட்டன. பிறகு பிடித்து வளர்த்தவற்றையும் உண்ணி தின்றது. அந்த நாட்களில்தான் துறைமுகத்திலிருந்து வந்து இறங்கிய கொன்டெய்னர்கள் அடுக்கியிருந்த ஒரு களத்திலிருந்து அழைப்பு வந்தது. வெறும் கொன்டெய்னரின் தரைக்கு அடியில் தேங்காயளவு தேனீக் கூட்டம். அறிவித்தால் களத்தையே மூடி விடுவார்கள், சத்தமில்லாமல் எடுத்துவிடு என்றான் மேற்பார்வையாளன். அருந்தவனும் ஒத்துக்கொண்டான். வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தபோது ஒரு தேனீயில்கூட உண்ணி இல்லை. ஒன்றையொன்று பிடித்து, தாடையால் உண்ணியைக் கடித்துத் துப்பின. அவன் வாழ்க்கையில் கண்ட அழகான காட்சி அது. கொல்ல மனம் வரவில்லை. பின்வளவில், வேலியோரம், ஒரு பெட்டியில் வைத்தான். தன் எல்லா ராணிகளுக்கும் வைப்பதுபோல, இந்த ராணியின் முதுகிலும் தன் கையால் ஒரு நீலப் பொட்டு வைத்தான்.

அவை என்னவென்று அவனுக்குச் சந்தேகம் வராமல் இல்லை. பிரேசிலில் ஆராய்ச்சிக்காகக் கொண்டுவந்த ஆபிரிக்கத் தேனீக்கள் கூட்டிலிருந்து தப்பிப் போன கதையை இந்தத் தொழிலில் உள்ளவர்கள் எல்லோருக்கும் தெரியும். அவை ஒருநாளில் படையெடுத்து வரவில்லை. மரப்பொந்தில், பாலத்தடியில், வீட்டுச் சுவரில் குடியேறின. அடிக்கடி இரண்டாகப் பிரிந்தன. சாதுவான கூடு ஒன்றின் வாசலில் ஒரு கைப்பிடி தேனீயாக வந்து ஒட்டிக்கொள்ளும். மெல்ல உள்ளே போகும். இருக்கிற ராணியைக் கொன்று தங்கள் ராணியை இருத்தும். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அதே கூடு, அதே வாசல். அப்படியே நாடு நாடாக ஏறி, மெக்சிகோ தாண்டி, டெக்சாஸ்வரை போயின. கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. தொட்டபிறகுதான் தெரியும்.

உடுப்புக் காயப்போடப் போன மனைவி யோகாவை அவை ஒருநாள் குளியலறைவரை துரத்தின. அவள் கதவுக்குள்ளிருந்து, இதை இன்றைக்கே அழித்துவிடுங்கள் என்று சொன்னாள். நாளைக்கு என்றான். சில நாள் கழித்து ஒரு காலை பெட்டி வெறுமையாக இருந்தது. ராணியோடு எல்லாம் போய்விட்டிருந்தன. அவன் யோகாவிடம் தானே அழித்துவிட்டதாகச் சொன்னான். நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு பக்கத்து ஊரான பென்டில் ஹில்லில் ஒரு நாய் செத்தது. கிர்ரவீனில் தபால்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு ஓடினார். எல்லா இடத்துக்கும் அவனையே கூப்பிட்டார்கள். தான் விதைத்ததைத் தானே அறுக்கப் போனான், ஒவ்வொரு வீட்டிலும் நன்றி சொன்னார்கள், தேநீர் கொடுத்தார்கள்.

கட்டிலை இழுத்து விட்டு, மரமறுக்கும் வாளால் ஜிப்ரொக்கை அறுக்கத் தொடங்கினான். வெள்ளைத் தூள் கொட்டியது. முதல் கீறலிலேயே அவை பாய்ந்து வர வேண்டும். வரவில்லை. தரையிலிருந்து கூரையடிவரை அறுத்து, பலகையைப் பிடித்து மெதுவாகக் கழற்றினான்.

அடை. ஒன்றன்பின் ஒன்றாக, நாக்குகளைப் போலத் தொங்கிய அடை. கீழிருந்து கூரைவரை, இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே ஒரு மனிதன் நிற்கக்கூடிய இடம் முழுவதும். கட்டில் இருந்த உயரத்தில், தலையணை இருந்த இடத்துக்கு நேரே, அடை பலகையோடு ஒட்டிக் கறுத்து மினுங்கியது. அந்த இடத்தில்தான் குஞ்சுகள். அந்தச் சூட்டில்தான் அன்ரி முதுகு கொடுத்துப் படுத்திருந்தார்.

அதன்மேல் எல்லாம் தேனீக்கள். அசையவில்லை. தலைகள் எல்லாம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தன. அவன் கைவிளக்கை இடதுபக்கம் கொண்டுபோனால், ஆயிரம் தலைகளும் இடதுபக்கம் திரும்பின. வலதுபக்கம் கொண்டுபோனால் வலதுபக்கம். ஒன்றும் பறக்கவில்லை. இரைச்சல்கூட நின்றிருந்தது. தன் மூச்சு வலைக்குள் போய்வருவது மட்டும் அவனுக்குக் கேட்டது.

புகை ஊதினான். அவை விலகி வழிவிட்டன. விலகிய இடத்தில், மஞ்சள் அடையின் நடுவே, நீளமான வயிற்றை இழுத்துக்கொண்டு ராணி நடந்து வந்தது. முதுகில் நீலப் பொட்டு.

பார்க்காமல் இருந்தவரைக்கும் வேறு யாருடையதோ என்று சொல்லிக்கொள்ள முடிந்தது.

சின்னக் கூண்டை எடுத்தான். உயிரோடு பிடித்து ஒப்படைத்தால் அரசாங்க ஆட்கள் ஆராய்ந்து, எந்தெந்தத் தெருவில் பரவியிருக்கும் என்று தேடி அழிப்பார்கள். இன்னும் எத்தனை சுவர்கள், எத்தனை சனிக்கிழமைகள். ஆனால் பொட்டு. ஊரில் எல்லோருக்கும் அவன் பெட்டிகளைத் தெரியும், அவன் நீலத்தைத் தெரியும். இந்த ராணியைக் கையில் வாங்குகிறவன் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். பிறகு அன்ரிக்குத் தெரியும். மெல்பனில் மகளுக்குத் தெரியும். யோகாவுக்குத் தெரியும்.

குசினியிலிருந்து குரல் வந்தது. "தம்பி, முடிஞ்சுதோ?"

அவன் வலக்கையின் உறையைக் கழற்றினான். தடித்த உறையோடு ராணியைப் பிடிக்க வராது. வெறும் விரலால் எடுத்தான். அது கொட்டவில்லை, நழுவப் பார்த்தது. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து நசுக்கினான். நசுக்கி, பொட்டு இருந்த இடம் தெரியாமல் தேய்த்தான்.

"இன்னும் கொஞ்சம், அன்ரி."

தன் குரல் சாதாரணமாக இருந்ததுதான் அவனை உடைத்தது. வியர்வையா அழுகையா என்று தெரியாமல் கண் எரிந்தது. ஒன்றும் தெரியவில்லை. முகவலையின் சிப்பைப் பாதிக்குத் திறந்து, அந்தக் கையையே உள்ளே விட்டு, கண்ணைத் துடைத்தான், மூக்கைத் துடைத்தான், வாயைத் துடைத்தான்.

அப்போது சுவர் முனகியது.

ராணி இல்லாத கூடு அழும் என்பார்கள். அவன் கேட்டிருக்கிறான். பெட்டியைத் திறந்தால் தாழ்ந்த, நீளமான ஓர் ஊளை. இது அப்படித் தொடங்கியது. கீழேயிருந்து மேலே ஏறி, கூரைக்குள் போய், வீட்டின் மற்றச் சுவர்களுக்குள்ளும் இறங்கியது. பக்கத்து அறைச் சுவரிலிருந்தும் வந்தது. ஹோல் சுவரிலிருந்தும். ஒரு சுவரில் மட்டும்தான் கூடு என்று அவன் நினைத்திருந்தான்.

பிறகு நின்றது.

அவை அடையை விட்டு இறங்கின. பறக்கவில்லை, நடந்தன. பலகை விளிம்பால் இறங்கி, தரை விரிப்பின் மேலே, கறுத்த தண்ணீர் பரவுவதுபோல, அவன் கால்களை நோக்கி நடந்து வந்தன. அவன் புகை அடித்தான். விலகவில்லை. பின்னால் நகர்ந்தான். சப்பாத்தில் ஏறின. முழங்காலில் ஏறின. கொட்டவில்லை. ஒன்றுகூடக் கொட்டவில்லை. கூட்டம் பிரிந்து போகும்போது மரக்கிளையில் தங்கள் ராணியைச் சுற்றி மூடுமே, அந்த மென்மை. அந்தப் பொறுமை.

அப்போதுதான் புரிந்தது. வாசம் அவன் விரலில் இருந்தது. கண்ணில் இருந்தது. உதட்டில் இருந்தது. அவற்றின் ராணி இப்போது அவன்.

சிப்பை இழுத்து மூடப் பார்த்தான். விரலைச் சுற்றி ஏற்கெனவே ஒரு கொத்து. விரல் மடங்கவில்லை. திறந்திருந்த பாதி வழியாக அவை ஒவ்வொன்றாக உள்ளே வந்தன, அவசரமில்லாமல், வீட்டுக்குள் வருவதைப் போல.

ஹோலைத் தாண்டினான். வாசற்கதவை முழங்கையால் திறந்தான். ஓடக்கூடாது. ஓடினால் நசுங்கும், ஒன்று நசுங்கினால் எல்லாம் கொட்டும். படியிறங்கி, புல்வெளியின் நடுவில், விக்னராஜா அங்கிள் மெஷினை விட்ட இடத்தில் நின்றான். வானம் இன்னும் ஊதா நிறமாக இருந்தது. எதிர்வீட்டுச் சமையலறையில் விளக்கு எரிந்தது. யாரோ பாத்திரம் கழுவினார்கள்.

எதிர்வீட்டுக் கூரை இடுக்கிலிருந்து ஒரு மெல்லிய புகை எழுந்தது. புகையல்ல. பக்கத்து வீட்டுத் தபால் பெட்டிக்குள்ளிருந்தும் வந்தது. ஆற்றுப் பக்கமிருந்தும். எல்லாம் அவன் பக்கம்.

தோளில் பாரம் கூடியது. வலை இருண்டது. கன்னத்தில் சின்னச் சின்னக் கால்கள். இமையில். மூக்கின் ஓரத்தில். பிறகு உதட்டில், வரிசையாக, மேலுதட்டையும் கீழுதட்டையும் சேர்த்துத் தைப்பதுபோல.

பின்னால் கதவு திறந்தது.

அவன் கூப்பிடாமலே அன்ரி வந்துவிட்டார். வலையில் அவை மூடாமல் விட்டிருந்த இடைவெளி ஒன்றினூடாக அவரைப் பார்த்தான். செருப்பில்லாத கால். வீட்டில் உடுத்தும் பருத்திச் சேலை. அவனைக் கண்டு அவர் பயப்படவில்லை. மேலிருந்து கீழாக, அந்த அசையும் கறுப்பை, நெடுநேரம் பார்த்தார்.

"அவர் உம்மட்டக் கேட்டவர்தானே, தம்பி" என்றார். குரலில் கோபமே இல்லை. "நீர் வந்து பாத்தனீர். பயப்பட ஒண்டுமில்லை எண்டு சொன்னனீர். ஏன் அப்பிடிச் சொன்னனீர்?"

சொல்லத்தான் நினைத்தான். முருகா, இந்த ஒரு தரம் எல்லாவற்றையும் சொல்லிவிட நினைத்தான். கொன்டெய்னர், பெட்டி, நீலப் பொட்டு, மரத்தைக் காட்டிய பொய். அதற்கும் முன்னால் ஒரு சொல் இருந்தது. கிட்ட வராதேங்கோ. அது மட்டும். வாயைத் திறந்தால்தான் சொல்லலாம்.

உதட்டின் இடுக்கில் ஒன்று தலையை நுழைத்துக் காத்திருந்தது.

அவர் ஒரு படி இறங்கினார். புல்லில் கால் வைத்தார். அவன் தலையை அசைக்கவில்லை, அசைக்க முடியவில்லை. கண்ணால் கெஞ்சினான். கண்மேல் அவை இருந்தன.

"ஐயோ பிள்ளை" என்றார் அன்ரி, காய்ச்சலில் கிடக்கிற ஒருவனைப் பார்த்துச் சொல்வதுபோல. "பொறும். நான் தட்டி விடுறன்."

அவர் கையை உயர்த்தினார். வளையல் கழற்றிய, வெறும் கை. அது மெதுவாக அவன் முகத்துக்குக் கிட்டே வந்தது, இன்னும் கிட்டே. அவன் முகத்திலிருந்த அத்தனை தலைகளும் ஒன்றாக அந்தக் கையின் பக்கம் திரும்பின.